போசாசோவில் யாருடைய முத்திரை செல்லும்?

உங்கள் தம்பிக்கு, சோமாலியக் கரையில் உள்ள போசாசோவில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் குளிர்சாதன மெக்கானிக் வேலை வந்திருக்கிறது. ஒப்பந்தத் தாளில் ஓரிடத்தில் 'புன்ட்லாந்து அரசு' என்றும் இன்னோரிடத்தில் 'சோமாலியா' என்றும் போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் புன்ட்லாந்துக்குத் தனி ஜனாதிபதி, தனிக் கொடி, தனி நாடாளுமன்றம் எல்லாம் இருக்கிறதே, இது நாடா மாநிலமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்குப் பொது அறிவுக் கேள்வி மாதிரி இருந்தாலும் உங்கள் கவலை வேறு என்று தோன்றுகிறது. போன இடத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரிடம் போய் நிற்பது, யார் சொன்னால் காரியம் நடக்கும் என்பதுதானே? அதற்கே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் சட்டம் படித்தவன் இல்லை, அரசியல் ஆய்வாளனும் இல்லை. தூத்துக்குடிக்காரன். துபாய் தேராவில், கிரீக் ஓரமாக இருந்த ஒரு சரக்கு அலுவலகத்தில் 14 வருடம் மேனிஃபெஸ்ட், அதாவது கப்பல் சரக்குப் பட்டியல், எழுதினேன். குஜராத்தின் மாண்டவி, சலாயா பக்கத்து மரத்தோணிகளில் அரிசி, சர்க்கரை, மைதா, டயர், பழைய டொயோட்டா என்று ஏற்றி போசாசோவுக்கும் பெர்பெராவுக்கும் அனுப்புவோம். வேலை விஷயமாக போசாசோவுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை அங்கிருந்து புன்ட்லாந்தின் தலைநகர் கரோவே வரை வண்டியில் போனேன். ஆகவே துறைமுகம், சுங்கம், ரோடு, காற்று இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. அரசியல் சட்டமும் குலக் கணக்கும் படித்தும், அங்கத்து வியாபாரிகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

சுருக்கமான பதில்: மாநிலம். உலகில் எந்த நாடும் புன்ட்லாந்தைத் தனி நாடாக ஏற்கவில்லை. அவர்களும் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் இருக்கும் சோமாலிலாந்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சோமாலிலாந்து பழைய பிரிட்டிஷ் பகுதி. 1991 மே 18 அன்று, இனி எங்களுக்கும் சோமாலியாவுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்துவிட்டுத் தனிக்குடித்தனம் போனது. புன்ட்லாந்து பழைய இத்தாலியப் பகுதியின் வடகிழக்கு மூலை. நாங்கள் சோமாலியாதான், ஆனால் எங்கள் வீட்டு நிர்வாகத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பது அதன் நிலை. கொடியைப் பார்த்தாலே தெரியும்: மேல் பட்டையில் சோமாலியாவின் அதே வெளிர்நீலமும் வெள்ளை நட்சத்திரமும், அதன் கீழே வெள்ளை, பச்சை. 2009 இல் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சுருக்கமான பதிலை மட்டும் நம்பி நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். சேர்ந்த புதிதில், ஒரு உதவி நிறுவனத்தின் மருந்துப் பெட்டிகளை அனுப்ப வேண்டியிருந்தது. வரிவிலக்குக் கடிதம் வேண்டும் என்றார்கள். மாநிலம் என்றால் மேலே மத்திய அரசு இருக்கும், அது கொடுத்தால் எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்ம ஊர்க் கணக்கில் யோசித்து, சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் முத்திரை போட்ட கடிதம் ஒன்றை வாங்கிச் சரக்கோடு அனுப்பிவிட்டேன். தோணி போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் அங்கிருந்து போன். அந்தப் பக்கத்து முகவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, இது நல்ல கடிதம்தான். மொகதிஷுத் துறைமுகத்துக்குப் போயிருந்தால் உதவியிருக்கும்." கரோவேயில் உள்ள அமைச்சகத்தின் கடிதம் வரும் வரை பெட்டிகள் கிடங்கில் கிடந்தன. தப்பு என்னுடையது. சுங்க வரியைப் புன்ட்லாந்தே வசூலிக்கிறது, அதன் செலவுக்கு முக்கிய வருமானமே போசாசோ துறைமுகம்தான். கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் முத்திரைதான் செல்லும்.

ஏன் இப்படி என்று புரிய ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும். இந்தக் கூட்டாட்சியை விட இந்த மாநிலம் வயதில் மூத்தது. மத்தியில் ஓர் அரசு இருந்து அது மாநிலங்களைப் பிரித்துக் கொடுத்த கதை இங்கே இல்லை. 1991 இல் சியாத் பர்ரேயின் ஆட்சி விழுந்து மொகதிஷுவில் குலச் சண்டை மூண்டபோது, வடகிழக்கைப் பூர்வீகமாகக் கொண்ட ஹர்த்தி என்ற குலத்து மக்கள் தலைநகரிலிருந்தும் தெற்கிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். மூன்று தலைமுறையாகப் பார்த்திராத ஊருக்குக்கூடச் சிலர் திரும்பினார்கள். மீன்பிடி ஊராக இருந்த போசாசோ அப்படித்தான் நகரமானது. நாட்டுக்கு ஒரு பொது அரசு அமைக்க அடுத்தடுத்து மாநாடுகள் நடந்தன, ஒன்றும் நிற்கவில்லை. 1997 கடைசியில் கெய்ரோவில் நடந்த பேச்சும் முறிந்த பிறகு, இனிக் காத்திருந்து பயனில்லை என்று கரோவேயில் மூப்பர்களும் படித்தவர்களும் வியாபாரிகளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, 1998 ஆகஸ்ட் 1 அன்று புன்ட்லாந்தை அறிவித்தார்கள். வீடு கட்டுகிறபோது கட்டட்டும், இப்போதைக்கு நம்ம அறைக்கு மட்டும் கூரை போட்டுவிடுவோம் என்கிற மாதிரி.

முதல் ஜனாதிபதி அப்துல்லாஹி யூசுஃப் அகமது, பழைய ராணுவக் கர்னல். 2004 இல் அவரே முழு சோமாலியாவின் இடைக்கால ஜனாதிபதி ஆனார். அந்த வருடத்து இடைக்காலச் சாசனத்தில்தான் கூட்டாட்சி என்ற ஏற்பாடு நுழைந்தது, 2012 ஆகஸ்டில் வந்த தற்காலிக அரசியல் சட்டத்திலும் நிலைத்தது. மற்ற உறுப்பு மாநிலங்கள் அதற்குப் பிறகு பிறந்தவை: ஜூபாலாந்து 2013, தென்மேற்கு மாநிலம் 2014, கல்முதுக் 2015, ஹிர்ஷபெல்லே 2016. ஆக, புன்ட்லாந்துக்காரர்கள் தங்களைக் கூட்டாட்சியின் பிள்ளையாக நினைப்பதில்லை, தகப்பனாக நினைக்கிறார்கள். மொகதிஷுவோடு அவர்கள் போடும் சண்டை ஒவ்வொன்றிலும் இந்த மூத்தவர் தோரணை இருக்கும். தெற்கத்திக்காரர்களுக்கு அது எரிச்சல்.

ஜனாதிபதி என்ற பட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சோமாலி மொழியில் அது 'மதஹ்வெய்ன்', சொல்லுக்குச் சொல் எடுத்தால் பெரிய தலை. எல்லா உறுப்பு மாநிலத் தலைவர்களுக்கும் அதே பெயர்தான். நம்ம முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மத்திய அரசு அனுப்பும் ஆளுநர் என்று ஒருவர் அங்கே கிடையாது. அதோடு, தனக்கென்று ஒரு படை, ஒரு கடலோரப் போலீஸ், சொந்த விமானநிலைய நிர்வாகம் எல்லாம் இந்தப் பெரிய தலையிடம் உண்டு. 2012 சட்டத்தின் 54 ஆம் பிரிவு வெளியுறவு, பாதுகாப்பு, குடியுரிமையும் குடிவரவும், நாணயக் கொள்கை ஆகிய நான்கை மட்டும் மத்திய அரசுக்கு என்று ஒதுக்குகிறது. மற்றதெல்லாம் பேசித் தீர்க்க வேண்டியது. வேடிக்கை என்னவென்றால், ஒதுக்கிய அந்த நான்கிலும் புன்ட்லாந்தின் கை இருக்கிறது.

அந்த ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. சபையில் 66 பேர். ஒவ்வொரு இடமும் இன்ன குலக்கிளைக்கு என்று பங்கிடப்பட்டது. அந்தக் கிளையின் பட்டம் பெற்ற மூப்பர்கள் ஆளைப் பெயர் சொல்லி அனுப்புவார்கள். இவர்களை மொத்தமாக 'இஸிமோ' என்பார்கள். பொகோர், இஸ்லான், கராத், சுல்தான் என்று கிளைக்குக் கிளை பட்டம் மாறும். அந்த 66 பேர் கூடி ஐந்து வருடத்துக்கு ஒரு ஜனாதிபதியைத் தேர்வு செய்கிறார்கள். 2005 முதல் இந்தத் தேர்வு ஜனவரி 8 அன்றுதான் நடந்து வருகிறது. ஜனாதிபதி ஒரு கிளை, துணை ஜனாதிபதி இன்னொரு கிளை, அவைத்தலைவர் மற்றொன்று என்று பிரித்துக்கொள்வது எழுதாத வழக்கம். 2014 இல் அப்துவெலி முகமது அலி காஸ் 33க்கு 32 என்று ஒரே ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் அப்போது பதவியில் இருந்த ஃபரோலே. துப்பாக்கி இல்லாத வீடே இல்லாத ஊரில், ஒரு ஓட்டில் தோற்றவர் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். நான் அங்கே பார்த்த எந்த வியாபாரியும் தங்கள் ஊர்ப் பெருமையாக முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். 2019 இல் சயீத் அப்துல்லாஹி தேனி 35க்கு 31 என்று வந்தார். 2024 ஜனவரியில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

நேரடி ஓட்டு வேண்டும் என்ற பேச்சு 1998 இலிருந்தே இருக்கிறது. 2021 அக்டோபரில் கர்தோ, எய்ல், உஃபெய்ன் என்ற மூன்று மாவட்டங்களில் உள்ளாட்சிக்கு ஆளுக்கொரு ஓட்டு என்று நடத்திப் பார்த்தார்கள், நன்றாகவே நடந்தது. 2023 மே மாதம் முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரித்தார்கள். ஆனால் கரோவேயிலேயே எதிர்ப்பு வந்து அங்கே ஓட்டுப் போட முடியவில்லை. ஜனாதிபதித் தேர்வு பழைய வழிக்கே திரும்பியது. இதைத் தேனியின் சூழ்ச்சி என்பவரும் உண்டு, மூப்பர்களின் பிடிவாதம் என்பவரும் உண்டு. இரண்டும் கொஞ்சம் உண்மை என்பது என் ஊகம்.

சரி, இடம் எப்படி? சோமாலியாவின் வரைபடத்தை 7 என்ற எண்ணாகப் பாருங்கள். மேல் கோடும் கீழே இறங்கும் கோடும் சந்திக்கிற மூலைதான் புன்ட்லாந்து. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வடக்கே ஏடன் வளைகுடா, கிழக்கே இந்தியப் பெருங்கடல், முனையில் குவார்தஃபுயி. அந்த முனையில் இத்தாலியர்கள் கட்டிய கல் கலங்கரை விளக்கம் ஒன்று, முசோலினி கட்சியின் கோடாரிச் சின்ன வடிவத்திலேயே இன்னும் நிற்கிறது. அதற்குத் தெற்கே ஹாஃபூன். ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி அதுதான். பாறை முனை ஒன்றை மணல் திட்டு கரையோடு சேர்க்கிறது, ஊர் அந்த மணலில் தாழ்வாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம்ம கரையை அடித்த அதே சுனாமி ஏறக்குறைய 5000 கிலோமீட்டர் கடந்து போய் இந்த ஊரையும் அழித்தது. சோமாலியாவில் சுமார் 300 பேர் இறந்தார்கள், அதிக அடி ஹாஃபூனுக்குத்தான். அதை எனக்குச் சொன்ன ஆளிடம் நான் தூத்துக்குடி என்றபோது, அதற்கு அப்புறம் அவர் டீக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

மாநிலத்தின் முதுகெலும்பு ஒரே ரோடு. போசாசோவில் கடலோரத்தில் தொடங்கி, மலை ஏறி, கர்தோ வழியாக கரோவே, அங்கிருந்து தெற்கே கால்கையோ. போசாசோவிலிருந்து கரோவேக்குச் சுமார் 450 கிலோமீட்டர். அந்தப் பகுதியை 1980களில் இத்தாலியப் பண உதவியில் போட்டார்கள். சரக்கு, மீன், ஆடு, படை, பணம் எல்லாம் இந்தக் கோட்டில்தான் நகரும். கோட்டிலிருந்து விலக விலக அரசின் குரல் மெலிந்து மூப்பரின் குரல் கூடும். கோட்டின் இரண்டு நுனியும் சிக்கலான இடம் என்பதையும் கவனிக்க வேண்டும். தெற்கு நுனியான கால்கையோ ஒரே நகரம், இரண்டு மாநிலம். வடபாதி புன்ட்லாந்து, தென்பாதி கல்முதுக். எல்லையில் கம்பி வேலி இல்லை, அந்தத் தெரு யாருடையது என்பது உள்ளூர்க் குழந்தைக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. வடக்கு நுனியான போசாசோவுக்கு அண்டை மலைகளில் ஆயுதக் குழுக்கள் இருந்தன. அதை அப்புறம் சொல்கிறேன்.

மேற்கு எல்லை எது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். சோல், சனாக் பகுதிகள் எங்களுடையவை என்று புன்ட்லாந்து சொல்கிறது, அங்கிருக்கும் துல்பஹந்தே, வர்சங்கலி கிளைகள் ஹர்த்தி சொந்தம் என்ற கணக்கில். பிரிட்டிஷ் காலத்து எல்லைப்படி எங்களுடையவை என்று சோமாலிலாந்து சொல்கிறது. சோல் பகுதியின் முக்கிய ஊர் லாஸ் அனோத் 2007 இல் சோமாலிலாந்தின் கைக்குப் போனது. 2023 இல் உள்ளூர்க்காரர்களே மாதக்கணக்கில் சண்டை போட்டு, ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படையை வெளியேற்றினார்கள். வெளியேற்றியவர்கள் புன்ட்லாந்தோடு வந்து சேர்வார்கள் என்று கரோவே எதிர்பார்த்தது. அவர்கள் மொகதிஷுவிடம் போய்த் தனி நிர்வாகமாக அங்கீகாரம் வாங்கிக்கொண்டார்கள். 2025 இல் அது வடகிழக்கு மாநிலம் என்றே உருவெடுத்தது. கரோவேக்கு இது பெரிய அடி. வரைபடங்களில் இந்தப் பகுதி மூன்று நிறத்தில் மாறி மாறி வருவதற்குக் காரணம் இதுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய எகிப்தியர் புந்த் என்று ஒரு நாட்டைச் சொன்னார்கள். ஹட்ஷெப்சுத் அரசி அங்கே கப்பல் அனுப்பி நறும்பிசின் மரங்களையே வேரோடு கொண்டுவரச் செய்ததை அவர் கோயில் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாடு இதுவா, இன்னும் வடக்கே எரித்திரியா, சூடான் பக்கமா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மரம் மட்டும் சந்தேகமில்லாமல் இங்கே இருக்கிறது. நம்ம மாதா கோயிலில் தூபக்கலசத்தில் போடும் குந்திரிகம், அந்தப் பிசின்தான். போசாசோவில் ஒரு கிடங்குக்குள் என்னைக் கூட்டிப் போனார்கள். நீளமான கூடம், தரையில் பாய், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் புளியங்கொட்டை பொறுக்குகிற மாதிரி பிசின் கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிதும் வெளுப்புமானது ஒரு குவியல், சிறியது ஒன்று, பட்டையோடு ஒட்டியது ஒன்று, தூள் கடைசி. ஒருவர் ஒரு கட்டியை எடுத்து என் கையில் வைத்து மெல்லச் சொன்னார். அது 'மைதி' என்ற உயர்ந்த ரகம். அரபுக்காரர்கள் அதைச் சூயிங் கம் மாதிரி மெல்லுவார்கள். முதலில் பல்லில் பொடிந்தது, பிறகு மெழுகாக இளகியது, எலுமிச்சை மாதிரி ஒரு கசப்பு. அந்த மரம் மண்ணில்லாத மொட்டைப் பாறையில் அடி வீங்கி ஒட்டிக்கொண்டு வளர்கிறது. இன்ன பாறையின் மரம் இன்ன குடும்பத்துக்கு என்று பாத்தியதை உண்டு, அதற்குப் பட்டா கிடையாது.

பட்டா இல்லாமல் எப்படி என்றால், 'ஹேர்' என்ற வழக்குமுறை. எழுதாத சட்டம். ஒருவர் செத்துப் போனால் செய்தவனின் கிளை மொத்தமும் சேர்ந்து ஈடு கொடுக்க வேண்டும், ஆணுக்கு 100 ஒட்டகம் என்பது பழைய கணக்கு. நீதிமன்றமும் போலீசும் நகரங்களில் இருக்கின்றன, ஆனால் பாதி வழக்கு மூப்பர் முன்னால் மரத்தடியில் முடிந்துவிடும். உங்கள் தம்பி விஷயத்துக்கு இங்கேதான் வருகிறேன். குலமில்லாத வெளியூர்க்காரனுக்கு இந்த முறையில் என்ன இடம்? அதற்கும் பழைய ஏற்பாடு உண்டு, 'அப்பான்' என்பார்கள். வெளிநாட்டு வியாபாரி கரையில் இறங்கினால் உள்ளூர் ஆள் ஒருவர் அவருக்குப் பொறுப்பேற்பார். அவர் மேல் கை வைத்தால் பொறுப்பேற்றவரின் கிளை மேல் கை வைத்ததாக அர்த்தம். அந்தச் சொல் இப்போது குறைந்துவிட்டது, ஏற்பாடு குறையவில்லை. வேலைக்குக் கூப்பிடும் முதலாளிதான் இன்றைய அப்பான். அவர் உள்ளூரில் யார், எந்த ஊர்க்காரர், சொல்வாக்கு உள்ளவரா என்பது ஒப்பந்தத்தின் நாலு பக்கத்தையும் விட முக்கியம்.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2017 மார்ச் 13 அன்று ஆரிஸ் 13 என்ற சின்ன எண்ணெய்க் கப்பலைப் புன்ட்லாந்து முனைக்கு அருகே கடத்தி அலூலாப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இலங்கைக்காரர்கள். 2008 முதல் 2011 வரை இதே கடற்கரையின் எய்ல் போன்ற ஊர்களில் கப்பல்கள் மாதக்கணக்கில் பிடிபட்டுக் கிடந்ததும், பணயத்தொகை கோடிக்கணக்கில் போனதும் நினைவிருக்கும். ஆனால் இந்தக் கப்பல் நான்கே நாளில், 16 ஆம் தேதி, பைசா வாங்காமல் விடப்பட்டது. புன்ட்லாந்தின் கடலோரப் போலீஸ் ஒரு பக்கம் சூழ்ந்து சுட்டது. அந்தப் படையை 2010 இல் ஐக்கிய அரபு அமீரகப் பணத்தில் உருவாக்கினார்கள். மறுபக்கம் மூப்பர்கள் போய்ப் பேசினார்கள். கப்பலில் இருந்தது சோமாலி வியாபாரிகளின் எண்ணெய் என்பது தெரிந்ததும் கடத்தியவர்களுக்கு ஊருக்குள்ளேயே பகை என்றாகிவிட்டது. மொகதிஷுவோ கொழும்போ அதை முடிக்கவில்லை. மாநிலப் படை, மூப்பர், வியாபாரி, இந்த மூன்று கண்ணியும்தான். அங்கே ஏதாவது ஆனால் கதவைத் தட்ட வேண்டிய வரிசை இதுதான், தூதரகம் அதற்குப் பிறகு. இந்தியாவைப் பொறுத்தவரை நைரோபியில் உள்ள தூதரகம் சோமாலியாவையும் சேர்த்துக் கவனித்து வந்தது. தம்பி கிளம்பும் முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இப்போதைய ஏற்பாட்டைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விசா விஷயத்தில் இரண்டு அரசுகளின் சண்டை நேராக உங்கள் பையில் வந்து விழும். 2024 மார்ச் கடைசியில் மொகதிஷு நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் சில அத்தியாயங்களைத் திருத்தியது. எங்களைக் கேட்காமல் திருத்தினீர்கள் என்று சொல்லி, மார்ச் 31 அன்று புன்ட்லாந்து மத்திய அரசை இனி ஏற்க மாட்டோம், எல்லோரும் ஒப்புக்கொண்டு பொது வாக்கெடுப்புக்குப் போகும் அரசியல் சட்டம் வரும் வரை தனியாகவே நிர்வகிப்போம் என்று அறிவித்தது. இது பிரிவினை அறிவிப்பு இல்லை, கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய மாதிரி. ஆனால் விளைவு உண்மையானது. 2025 செப்டம்பரில் மொகதிஷு இணைய விசாவைக் கட்டாயமாக்கியபோது புன்ட்லாந்து அது தங்கள் விமானநிலையங்களில் செல்லாது என்றது, தங்கள் விசாவைத் தாங்களே கொடுத்தது. விமான நிறுவனம் ஒன்றைக் கேட்கும், இறங்கும் இடத்தில் இன்னொன்றைக் கேட்பார்கள். இந்த நிலைமை மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. எனவே நான் இன்று சொல்வதை வைத்து டிக்கெட் எடுக்க வேண்டாம். முதலாளியிடம், இரண்டு பக்கத்து விசாச் செலவும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள், ஏறும் விமான நிறுவனத்திடமும் அதே வாரத்தில் கேளுங்கள்.

சம்பளம் டாலரில்தான் பேசியிருப்பார்கள், அதுதான் நடைமுறை. சோமாலி ஷில்லிங்கில் கசங்கிய 1000 நோட்டுகள் சில்லறைக்கு மட்டும். அந்த நோட்டைப் புன்ட்லாந்து தரப்பிலேயே ஒரு காலத்தில் அச்சடித்தார்கள், நாணயக் கொள்கை மத்திய அரசுக்கு என்று சொன்னேனே, அதன் லட்சணம் இது. இப்போது டீக்கடை வரை கைபேசியில்தான் பணம் போகிறது. உள்ளூர் தொலைபேசி நிறுவனத்தின் 'சஹல்' கணக்கில் டாலரை ஏற்றி வைத்துக்கொண்டால் போதும். சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். சோறும் ஆட்டுக்கறியும் வைத்து, பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தையும் வைப்பார்கள். சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டும். முதல் நாள் விநோதமாக இருக்கும்.

பாதுகாப்பு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருக்கலாம். மறைக்காமல் சொல்கிறேன். போசாசோவுக்குத் தென்மேற்கே கல்கலா மலைப்பக்கம் அல் ஷபாப் ஆட்கள், கிழக்கே மிஸ்காத் மலைகளில் இஸ்லாமிய அரசு என்று சொல்லிக்கொள்ளும் குழு. இந்தக் குழு 2016 இல் கந்தலா என்ற கடலோர ஊரையே சில வாரம் பிடித்து வைத்திருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2025 முழுக்கப் புன்ட்லாந்துப் படை மலை மலையாக ஏறி அவர்களை விரட்டியது. அமெரிக்காவும் அமீரகமும் வானிலிருந்து உதவின. மொகதிஷுப் படை இல்லாமலே செய்தோம் என்று கரோவேயில் அதையும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் விரட்டியதும் ஒழித்ததும் ஒன்றில்லை. 2019 பிப்ரவரியில் துறைமுக மேலாளராக வேலை பார்த்த வெளிநாட்டவர் ஒருவரை போசாசோவில் சுட்டுக் கொன்றார்கள். 30 வருடக் குத்தகைக்குத் துறைமுகத்தை எடுத்த அமீரக நிறுவனத்தின் ஆள் அவர். நான் போனபோதெல்லாம் விடுதியிலிருந்து துறைமுகத்துக்கு இரண்டு கிலோமீட்டரும் துப்பாக்கிக்காரர் இருவர் உள்ள வண்டியில்தான் போனேன், இருட்டியபின் வெளியே வரவில்லை. ஆலை வளாகத்துக்குள் தங்குமிடம் தருகிறார்களா, காவல் செலவு யாருடையது, உயிர்க் காப்பீடு அந்த ஊரைப் பெயர் சொல்லி உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். பல காப்பீடுகள் சோமாலியா என்றாலே விலக்கு என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும். இவை இல்லாமல் என் சொந்தத் தம்பியாக இருந்தால் அனுப்ப மாட்டேன். இருந்தால், யோசிப்பேன்.

கடைசியாக, காற்று. நம்ம ஊரில் கச்சான் என்று சொல்கிற காற்றுக்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அந்தக் கடல் உலகத்திலேயே மூர்க்கமான கடல்களில் ஒன்று. எங்கள் தோணிகள் கட்டிக்கிடக்கும், தோணித் தலைவர்களான தண்டல்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தக் காற்று கிழக்குக் கரையோரம் அடி ஆழத்துக் குளிர்நீரை மேலே இழுத்து வருவதால்தான் அங்கே சூரையும் சுறாவும் சிங்கி இறாலும் அவ்வளவு கிடைக்கின்றன, ஆனால் காற்று அடங்கி செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆன பிறகுதான் படகு இறங்கும். போசாசோ நகரமோ வெயிலில் கொதிக்கும், வசதி உள்ளவர்கள் குடும்பத்தோடு கர்தோவுக்கும் மலைக்கும் ஏறிவிடுவார்கள், கடைகள் பாதி மூடியிருக்கும். தம்பியை எந்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூலை என்றால், மீன் வராத மாதத்தில் மீன் ஆலைக்கு மெக்கானிக் எதற்கு என்று கேளுங்கள். பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்க என்று பதில் வந்தால் அந்த முதலாளிக்குத் தொழில் தெரியும். வேறு ஏதாவது மழுப்பினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.